பதினேழு ஆண்டுகள் முன்னதாக ஒரு மரணம்

2006 அக்டோபரில் நான் பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்ததற்கு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. டார்ம்ஸ்டாட் மாலைப் பள்ளியில் பேச்சு ஜெர்மன் வகுப்புகள் எல்லாம் நிரம்பிவிட்டன. இடம் மீதியிருந்தவை மூன்றே வகுப்புகள்: கூடை பின்னுதல், முதுகுவலிக்கான உடற்பயிற்சி, பழைய கையெழுத்தும் குடும்ப வரலாறும். மூன்றாவதில் நாற்காலி உண்டு என்பதால் அதில் சேர்ந்தேன்.

வகுப்பில் என்னைத் தவிர பதினொரு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோரும் தங்கள் வம்சத்தில் ஒரு பிரபுவைத் தேடி வந்தவர்கள். ஒருவருடைய வீட்டில் கேடயச் சின்னம் பொறித்த ஒரு கரண்டி இருந்தது. அதிலிருந்து அவர் ஒரு கோட்டையையே ஊகித்து வைத்திருந்தார். ஆறாவது வாரம் கரண்டிக்காரரின் மூதாதை ஊர்ப் பன்றிகளை மேய்த்தவர் என்று தெரிந்தது. ஏழாவது வாரத்திலிருந்து அவர் வரவில்லை. மற்றவர்கள் அவருக்காக வருந்தினார்கள், தங்கள் பன்றி மேய்ப்பவர் இன்னும் வெளிவராத தைரியத்தில்.

ஆசிரியை திருமதி ஹெக்லர் தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். முகவரி தவறாக எழுதப்பட்ட கடிதங்களை உரியவரிடம் சேர்க்கும் பிரிவு. அவர் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். ஒவ்வொருவரும் ஒரு வேலைக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். தேதி, பார்த்த புத்தகம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, என்ன தேடினோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. கிடைக்காததையும் எழுதாவிட்டால் அது வரலாறு ஆகாது, ஆசை ஆகிவிடும் என்பார். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் தொழில், அதனால் இது எனக்குப் புதிதாக இல்லை. நான் கோடு போட்ட நோட்டில் ஆறு பத்திகள் பிரித்து வைத்துக்கொண்டேன்.

டிசம்பருக்குள் நான் மற்றவர்களைவிட வேகமாக வாசித்தேன். இதில் என் திறமை ஒன்றும் இல்லை. அந்தக் கையெழுத்தில் 'இ' எழுத்து பார்ப்பதற்கு 'என்' போல இருக்கும், 'எஸ்' ஒரு கொக்கி போல நீண்டிருக்கும். ஜெர்மானியர்களின் கண் பழக்கத்தில் தவறாகப் படித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எல்லாமே சம அளவில் அந்நியம். ஆனாலும் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவேன். திருமதி ஹெக்லர் மூன்றில் இரண்டை அழித்துவிடுவார். மூன்றாவதையும் எனக்காகத்தான் விட்டுவைக்கிறார் என்று பிறகு புரிந்தது.

இந்த விஷயம் எப்படியோ பார்த்தசாரதியின் காதுக்குப் போனது. பார்த்தசாரதி எங்கள் அலுவலகத்தில் குழுத் தலைவர். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் டார்ம்ஸ்டாட் கிளை அது, வங்கிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். குழுவில் தமிழ்நாட்டிலிருந்து ஆறு பேர். எங்கள் ஆறு பேரின் ஒப்பந்தமும் மே மாதக் கடைசியில் முடிகிறது. நிறுவனம் நீட்டிப்புக் கடிதம் கொடுத்தால் இங்கே தங்கும் அனுமதியும் நீளும். கொடுக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆறில் மூன்று பேருக்குத்தான் நீட்டிப்பு என்று ஜனவரியிலேயே பேச்சு வந்துவிட்டது. அந்த மூன்று பெயர்களை எழுதும் பேனா பார்த்தசாரதியின் சட்டைப் பையில் இருந்தது.

அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதே அபூர்வம்.

"நிரஞ்சனா, நீ ஏதோ பழைய எழுத்தெல்லாம் படிக்கிறியாமே. கௌஷிக் சொன்னான். டௌம் சார் மார்ச்ல வர்றார். அவரோட பூர்வீகம் இங்கதான் எங்கயோ பக்கத்துல. இது சாமியாப் பார்த்துக் கொடுத்த சான்ஸ்மா."

ராலண்ட் டௌம் எங்கள் நிறுவனத்தின் துணைத் தலைவர். பென்சில்வேனியாக்காரர். அவர் குடும்பம் அச்சிட்டு வைத்திருந்த ஒரு சிறு புத்தகத்தை பார்த்தசாரதி என்னிடம் கொடுத்தார். அட்டையில் ஒரு கோட்டை, ஒரு கொடி, ஒரு கழுகு. பேட்டர் டௌம் என்ற மூதாதை 1724இல் ஓடன்வால்ட் மலைப்பகுதியில் ஹாசல்ரோட் என்ற கிராமத்தில் ஒரு மில்காரரின் மகனாகப் பிறந்தார். சுதந்திரத்தை நாடி 1749இல் கப்பலேறினார். 1752இல் மணந்தார். காடு திருத்தினார், எல்லையில் மரக்கோட்டை கட்டினார், போர் வந்தபோது படைத்தலைவராகி ஆதிக்குடிகளைத் துரத்தினார். 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்திலேயே அந்த நிலத்தில் அவர் எரித்த இரண்டு ஊர்களின் சோளக்களஞ்சியங்கள் பெருமையோடு வர்ணிக்கப்பட்டிருந்தன. யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் யார் சோளம் விதைத்தார்கள் என்று அந்தக் குடும்பத்தில் இருநூற்றைம்பது வருடமாக யாரும் கேட்கவில்லை போலும். ஜெர்மனியிலிருந்து அவர் கொண்டுவந்த துப்பாக்கி இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம், படமும் போட்டிருந்தார்கள்.

"நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் பார்த்தசாரதி. மற்றது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

ஹாசல்ரோட்டின் தேவாலயப் பதிவேடுகள் படச்சுருளாக டார்ம்ஸ்டாட்டிலேயே ஓர் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. ஜனவரி முழுவதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியத்துக்கு மேல் விடுப்பு கிடைத்தது. என் ஐந்து வருட வேலையில் காய்ச்சலுக்குக்கூட அவ்வளவு விடுப்பு கிடைத்ததில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பேட்டரின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. அப்பா மில்காரர் இல்லை, மில்லில் மூட்டை தூக்கியவர். ஆனால் அதைவிடச் சுவாரசியமானது ஓரக் குறிப்பு. பின்னால் வந்த ஒரு பாதிரியார் வேறு மையில் எழுதியிருந்தார்: சிற்றரசரின் படையில் சிப்பாயாக இருந்த இவன் 1749 மே மாதம் படையின் துப்பாக்கியோடு பென்சில்வேனியாவுக்கு ஓடிவிட்டான். பெயர் தூக்குமரத்தில் ஆணி அடிக்கப்பட்டது.

திருமதி ஹெக்லரிடம் கேட்டபோது அது அந்தக் காலத்து வழக்கம் என்றார். ஓடிப்போன சிப்பாயைப் பிடிக்க முடியாவிட்டால் அவன் பெயரை ஒரு தகட்டில் எழுதித் தூக்குமரத்தில் அடித்துவிடுவார்களாம். ஆள் கிடைக்காததால் பெயரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள்.

கௌஷிக்கிடம் சொன்னேன். கௌஷிக் என் பக்கத்து மேஜை, கோயம்புத்தூர்க்காரன், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவன். "அப்ப அந்தக் கண்ணாடிப் பெட்டில இருக்கறது திருட்டுச் சாமானா? போச்சு போ, உனக்கு நீட்டிப்பு கிடையாது, நேரா தூக்குமரம்தான்" என்றான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பதிவைத் திரும்ப மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அவன் ஓடித்தான் போயிருந்தான்.

பார்த்தசாரதி கலங்கவே இல்லை. காகிதத்தை ஒரு நிமிடம் பார்த்தார். அடுத்த நிமிடம் கொடுங்கோல் மன்னனுக்குச் சேவை செய்ய மறுத்த முதல் புரட்சியாளன் என்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். டௌமிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம். தன் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று அவர் எப்போதும் உணர்ந்திருந்தாராம். அலுவலகத்தில் யாராவது ஒரு நாள் சொல்லாமல் வராவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லும் விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அந்தப் பதிலோடு ஒரு விண்ணப்பப் படிவமும் வந்தது. எல்லைப்புறத்தில் போரிட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. அதில் உறுப்பினராவது டௌம் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கனவு. படிவத்தின் ஒன்பதாவது கேள்வி: போர்வீரர் இதற்குமுன் வேறு திருமணம் செய்தவரா? ஆம் எனில் முதல் மனைவி இறந்த நாள் என்ன? முறைப்படி நடந்த திருமணத்தின் வாரிசுகளை மட்டுமே சேர்ப்பார்களாம். கடைசியில் ஒரு கோடு: மூலப் பதிவுகளை நானே வாசித்தேன் என்று வாசித்தவர் கையெழுத்திட வேண்டும்.

நான் திருமணப் பதிவேட்டை எடுத்தேன். அவனுக்கு ஊரில் ஒரு மனைவி இருந்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை, கேள்வி இருந்ததால் தேடினேன். 1747 நவம்பர். பேட்டர் டௌம், சிப்பாய். ஆன்னா மார்கரேத்தா, கூரை வேய்பவரின் மகள். மறு வருடம் ஒரு பெண் குழந்தை. 1749 டிசம்பரில் அந்தக் குழந்தையின் அடக்கம். அப்பா கப்பலேறி ஏழு மாதம்.

இனி அவள் செத்தால் போதும். இதை இப்படித்தான் அன்று நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. 1752இல் அவன் அங்கே மணந்திருக்கிறான். அதற்குமுன் இவள் செத்திருந்தால் படிவம் நிரம்பும், டௌமுக்குச் சங்கம், எனக்குக் கடிதம். அடக்கப் பதிவேட்டில் 1749இலிருந்து ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினேன். 1750இல் இல்லை. 1751இல் இல்லை. 1752 பிப்ரவரி வரை இல்லை. குறிப்பேட்டில் 'கிடைக்கவில்லை' பத்தியை நிரப்பிக்கொண்டே போனேன்.

வேறு பதிவேட்டில் அவள் இருந்தாள். 1754இல் ஒரு குழந்தைக்கு ஞானத்தாய். பதிவில் 'ஓடிப்போன பேட்டர் டௌமின் விட்டுப்போன மனைவி' என்று எழுதியிருந்தது. 1757இல் இன்னொரு குழந்தைக்கு. 1763இல் மூன்றாவது குழந்தைக்கு, அந்தக் குழந்தைக்கு அவள் பெயரையே வைத்திருந்தார்கள். மூன்று முறையும் அதே அடைமொழி. பாதிரியார் மாறினார், மை மாறியது, அடைமொழி மாறவில்லை. அவன் அங்கே ஊர்களை எரித்துப் படைத்தலைவன் ஆகிக்கொண்டிருந்தபோது இங்கே அவள் பிறர் குழந்தைகளை ஞானஸ்நானத் தொட்டியருகே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு முறையும் விட்டுப்போனவள் என்று எழுதப்பட்டுக்கொண்டு.

1768 பிப்ரவரியில் அடக்கம். வயது நாற்பத்தொன்று.

ஆண்டை நான் தவறாக வாசித்திருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்பினேன். மூன்றாம் இலக்கம் ஆறு இல்லை, நான்காக இருக்கலாமோ என்று பார்த்தேன். ஆனால் 1763இல்கூட அவள் ஞானத்தாயாக நின்றிருக்கிறாள். அடக்கப் பதிவுக்கு முந்தைய பக்கத்தின் மேல் 1767 என்று போட்டிருந்தது, அடுத்த பக்கத்தின் மேல் 1769. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு நகலை எடுத்துப்போய் ஓரத்தில் பெரிய கேள்விக்குறியோடு திருமதி ஹெக்லரிடம் நீட்டினேன். அவர் படித்தார். ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். "இதில் உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டார். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பார்த்தசாரதி அந்த வாரம் என்னையும் கௌஷிக்கையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி சரளா மோர்க்குழம்பும் உருளைக்கிழங்குக் கறியும் செய்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் 1768ஐச் சொன்னேன். பார்த்தசாரதி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"சரி. கல்யாணம் எப்ப?"

"1752, சார்."

"அப்ப இவ 1751ல போயிட்டான்னு போட்டுடு. தீர்ந்தது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நான் புரியாமல் இருக்கிறேன் என்று நினைத்து அவர் விளக்கினார். அவர் தங்கை ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் இடத்தில் இருந்ததாம், நான்கு வருடமாக வரன் அமையவில்லை. பிறந்த நேரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வேறு ஜாதகம் எழுதினார்களாம். லக்னம் மாறியது, செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விட்டது, மூன்றே மாதத்தில் கல்யாணம்.

"இப்ப ரெண்டு பசங்க, சொந்த வீடு. யாருக்காவது கஷ்டமா? இருபது நிமிஷம்தானே."

"இது பதினேழு வருஷம், சார்."

"அவ செத்து இருநூத்தி நாப்பது வருஷம் ஆச்சு. இனிமே எப்ப செத்தா அவளுக்கு என்ன?"

சரளா எனக்கு இன்னொரு கரண்டி கறி போட்டார். "அவ எப்படிம்மா அத்தனை வருஷம் தனியா இருந்தா?" என்று கேட்டார். தெரியாது, பதிவேட்டில் அதெல்லாம் எழுத மாட்டார்கள் என்றேன். பார்த்தசாரதி சரளாவிடம் மோர் கேட்டார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து தணிந்த குரலில் சொன்னார். அவர் அப்படிப் பேசும்போதுதான் எனக்கு அதிகப் பயம். "உனக்கே எப்பவும் ஒரு டவுட் இருக்கும்ல? எல்லாத்துக்கும் கேள்விக்குறி போடுவியே. இதுலயும் டவுட்னு வெச்சுக்கோ. மை கலங்கியிருக்கு, 1751 மாதிரியும் தெரியுதுன்னு. லிஸ்ட் நான் இன்னும் அனுப்பலை."

வீட்டுக்கு நடந்த வழி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். சின்ன வயதிலிருந்து பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பவள் நான். பரீட்சையில் சரியான விடையை அடித்துவிட்டுத் தவறாக எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் தெரிந்த விஷயங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று இந்தக் கூரை வேய்பவரின் மகள் 1768இல் செத்தாள் என்பது. அந்த ஒன்றில்தான் என்னைச் சந்தேகப்படச் சொல்கிறார்கள். ஆனால் கூடவே இதையும் சொல்ல வேண்டும்: நகரசபை வாசலுக்கு வருவதற்குள் நான் சம்மதித்துவிட்டேன். அப்பாவுக்குக் கண் அறுவை முடியவில்லை, தம்பி கல்லூரியில் இரண்டாம் வருடம், நானோ இருபத்தெட்டு வயதில் ஊருக்குத் திரும்பினால் என் ஜாதகத்தையும் யாராவது இருபது நிமிடம் தள்ளத் தயாராக இருப்பார்கள். ஒரு கையெழுத்து. போட்டுவிடலாம்.

மார்ச் பதினைந்தாம் தேதி டௌம் வந்தார். உயரமான மனிதர், வெட்கமில்லாமல் அன்பானவர். அன்று காலை எங்கள் எல்லோரையும் ஒரு வண்டியில் ஏற்றி ஹாசல்ரோட்டுக்கு அழைத்துப் போனார் பார்த்தசாரதி. டௌம் தேவாலயச் சுவரைத் தடவிப் பார்த்தார். ஞானஸ்நானத் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தார். தூக்குமரம் எங்கே இருந்தது என்று கேட்டார். ஊர்ச் செயலாளர் இப்போது கண்ணாடிப் புட்டிகள் போடும் மறுசுழற்சித் தொட்டி நிற்கும் இடத்தைக் காட்டினார். டௌம் அந்தத் தொட்டியின் முன் தொப்பியைக் கழற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார். பார்த்தசாரதியும் பக்கத்தில் தலை குனிந்து நின்றார், தன் சொந்த முப்பாட்டனைத் தூக்கிலிட்ட இடம் போல.

பிற்பகலில் அலுவலகக் கூட்ட அறையில் கேக் வைத்திருந்தார்கள். மேஜையில் வம்சாவளி வரைபடமும் படிவமும் இருந்தன. பார்த்தசாரதியே தட்டச்சு செய்திருந்தார். ஒன்பதாவது கேள்விக்கு: முதல் மனைவி, பெயர் தெரியவில்லை, மறைவு 1751. அவள் பெயரையும் எடுத்துவிட்டிருந்தார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பெயர் இருந்தால் யாராவது தேடுவார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். ஜாதகம் மாற்றிய கை.

நான் பேனாவை எடுத்தேன். டௌம் குனிந்து படிவத்தைப் பார்த்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "பாவம், சின்ன வயதிலேயே போய்விட்டாளா? அவளைப் பற்றி வேறு ஏதாவது கிடைத்ததா?"

அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் போட்டிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அவள் பெயர் ஆன்னா மார்கரேத்தா" என்றேன். "1751இல் சாகவில்லை. உங்கள் மூதாதை அமெரிக்காவில் மணந்து பதினாறு வருடம் கழித்து, 1768இல்தான் செத்தாள். பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது."

அறையில் கேக் வெட்டும் சத்தம் நின்றது. பார்த்தசாரதி சிரித்தார், நிரஞ்சனாவுக்கு எதிலும் நிச்சயம் கிடையாது, தன் வேலையைத் தானே நம்பாத பெண், மிகவும் நல்ல பெண் என்று விளக்கினார். டௌம் என்னைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. மனதுக்குள் வருடங்களைக் கழித்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. அவர் தாத்தாவின் தாத்தாவின் அப்பா யாருடைய மகன், எந்தத் திருமணத்தின் மகன் என்பது வரை கழித்துவிட்டார்.

"உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். என் தோளை மெதுவாகத் தட்டினார், நன்றி என்றார். பிறகு பார்த்தசாரதியிடம் திரும்பி, மற்றவர்களிடம் காப்பி இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"இங்கே இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா?"

பார்த்தசாரதி அறையைச் சுற்றிப் பார்த்தார். கௌஷிக்கின் வாயில் கேக் இருந்தது. பார்வை தன்மேல் நின்றதும் விழுங்கினான். பேனாவை அவனிடம் கொடுத்தார்கள். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி, எந்த இடத்தில் என்று.

சாயங்காலம் அவன் என் மேஜைக்கு வந்து நின்றான். "நான் போடலைன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க. நீயும்தான் போடறதா இருந்த, எனக்குத் தெரியும்" என்றான். அது உண்மை.

ஏப்ரல் இரண்டாம் தேதி பட்டியல் வந்தது. கௌஷிக் உண்டு. நான் இல்லை. காரணம் என்ற இடத்தில், முடிவெடுப்பதில் உறுதியின்மை என்று போட்டிருந்தார்கள். பார்த்தசாரதி என்னைக் கூப்பிட்டுத் தான் எவ்வளவோ போராடியதாகச் சொன்னார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. அதே மாதம் இருபதாம் தேதி டௌம் குழு முழுவதற்கும் ஒரு படம் அனுப்பினார். கழுத்தில் நீலப் பட்டியோடு பதக்கம், கையில் சங்கத்தின் சான்றிதழ், பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் சிற்றரசரின் துப்பாக்கி. பழைய ஜெர்மன் எழுத்தில் கௌஷிக்குக்கு இருக்கும் அபாரமான புலமைக்குத் தனியாக நன்றி சொல்லியிருந்தார்.

நான் பதினான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். பன்னிரண்டிலிருந்து பதில் இல்லை. ஒன்று வேண்டாம் என்றது, ஒன்று ஜூன் மாதம் வரச் சொன்னது. ஜூன் மாதத்தில் எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை என்று எழுதினேன். வருந்துவதாகப் பதில் வந்தது.

மே கடைசி வாரம், நான் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கௌஷிக் வந்தான். கையில் ஒரு கட்டு நகல்கள். டௌமின் மனைவி வீட்டாரும் அந்தச் சங்கத்தில் சேர விரும்புகிறார்களாம். அவர்களுடைய மூதாதையும் எல்லையில் போரிட்டவராம். திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். பார்த்தசாரதி நேராக அவனிடம் கொடுத்துவிட்டார், நிபுணன் அவன்தானே.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முதல் தாளை என் பக்கம் நீட்டினான். "ரெண்டே ரெண்டு பக்கம்தான். இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லிடு, நிரு. எனக்கு ஒரு எழுத்துகூட புரியலை. கண்ணே வலிக்குது."

தாளைப் பார்த்தேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். வரும் வழியெல்லாம் டிராமில் அப்படித்தான் பிடித்துப் படிக்க முயன்றிருக்க வேண்டும்.

"நீ எதுக்குப் படிக்கணும்?" என்றேன். "எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டா காட்டுவாங்க."

பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்து பூட்டினேன்.